முன்சக்கரம்

ஜூலை 14, வெள்ளி

மலையடிவாரத்தில் ரெஜிஸுக்குப் பஞ்சர். என் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மொண்டிச் சைக்கிளைப் பிடித்தபடி அணியின் கார் வரும்வரை ரோட்டோரம் நின்றேன். இந்த வருடப் பந்தயத்தில் இது நான்காவது தடவை. நூறு பேரும் என்னைக் கடந்து போனார்கள். விடுமுறை நாள், ரோடு முழுக்கக் கூட்டம். ஒரு அம்மாள் பரிதாபப்பட்டு அரைத் துண்டு சாசேஜ் கொடுத்தாள். தின்றேன்.

ரெஜிஸ் வோக்லேன் எங்கள் தலைவன். முன்னிலையில் இருப்பவன் போடுகிற மஞ்சள் சட்டை இப்போது அவனிடம்தான். நான் அவனுக்குத் தண்ணீர் சுமக்கிறவன், காற்றை மறைக்கிறவன், சக்கரம் கொடுக்கிறவன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. முப்பத்து நாலு வயதாகிவிட்டது. இந்த வருடத்தோடு முடிந்தது.

படுத்த பிறகுதான் மறுபடி ஞாபகம் வந்தது. என் மனைவி மரிவோனின் அப்பா செத்து இன்றோடு நாலு வருடம். அன்றும் நான் இந்தப் பந்தயத்தில்தான் இருந்தேன். ஓட்டலுக்கு போன் செய்து ‘வந்துடு’ என்று ஒரே வார்த்தை சொன்னாள். ரெஜிஸ் அப்போது மொத்த நேரக் கணக்கில் இருபது விநாடி முன்னால் இருந்தான். நான் போகவில்லை. இன்றைக்காவது போன் செய்திருக்கலாம். போனுக்கு வரிசை நீளமாக இருந்தது, அதற்குள் சூப் வந்துவிட்டது, மறந்துவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டுவிட்டால் தேவலை.

ஜூலை 15, சனி

மழை. ஒன்பது பாட்டில் சுமந்தேன்.

ஜூலை 23, ஞாயிறு — பாரிஸ்

ரெஜிஸ் ஜெயித்துவிட்டான். மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான், போட்டோக்காரர்கள் இன்னொரு தடவை கேட்டதால் இன்னொரு தடவையும். பிறகு என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னான்: “ஒண்ணாம் தேதி உங்க ஊர்ல நீதான் முதல்ல வர்றே. எல்லார்கிட்டயும் பேசிட்டேன். கடைசித் திருப்பத்துல நான் கொஞ்சம் அசந்துபோவேன். நீ கையத் தூக்கிட்டுப் போய்டு.”

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

பெரிய பந்தயம் முடிந்ததும் ஊர் ஊராகப் போய்ச் சுற்று ஓட்டுவது எங்கள் வழக்கம். யார் முதல், யார் இரண்டாவது என்பதெல்லாம் உடை மாற்றும் அறையிலேயே முடிவாகிவிடும். மஞ்சள் சட்டையைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது, மஞ்சள் சட்டை ஜெயிக்க வேண்டும். யாரும் இதைப் பற்றி வெளியே பேசமாட்டோம். நான் என் ஊரிலேயே எட்டு தடவை ஓட்டியிருக்கிறேன். பதினாலாவது வா என்றால் பதினாலாவது வந்திருக்கிறேன்.

இப்போது முதலாவது வா என்கிறார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? பிச்சை போட்ட மாதிரி இருக்கிறது.

ஜூலை 26, புதன் — வீடு

எல்லாம் அண்ணன் கூல்வென் ஏற்பாடு. திருவிழாக் கமிட்டித் தலைவர் அவன்தான். என் பெயர் போட்டு ‘ஹெர்வேயின் வழியனுப்பு’ என்று ஊர் முழுக்கச் சுவரொட்டி. சினிமா நட்சத்திரம் சொலான்ஜ் மெரியெல் வந்து கொடி அசைக்கிறாளாம், ஜெயித்தவனுக்குப் பூங்கொத்து கொடுக்கிறாளாம். பேண்டு வாத்தியக்காரர்களுக்குக்கூட எந்த நிமிஷம் ஊத வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

மரிவோன் அன்றைக்குத் தபால் நிலையத்தில் லீவு சொல்லிவிட்டாள். நீலக் கவுன் வாங்கியிருக்கிறாள். “இந்தத் தடவை எனக்கென்னவோ நம்பிக்கையா இருக்கு” என்றாள்.

அவளுக்குத் தெரியாது. அவள் கான்கால்காரி, சிப்பி வளர்க்கிற குடும்பம், சைக்கிள் என்றால் தபால்காரர் வருவது என்று நினைத்த ஜனம். கல்யாணமான மறு வருடம், எழுபத்தொன்றில், இங்கே நான் இரண்டாவது வந்தேன். இரண்டாவது வா என்றார்கள், வந்தேன். அவளோ தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று முழுக்க என்னைத் தேற்றினாள், கால் பிடித்துவிட்டாள். அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? அன்று சொல்லவில்லை. பிறகு ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று சொல்லவில்லை. ஏழு வருடம் ஓடிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அவளிடம் எவனும் சொன்னதில்லை. என் மேலுள்ள மரியாதையாம்.

ஜூலை 29, சனி

நாளை சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 30, ஞாயிறு

சொல்லவில்லை. பூசைக்குப் போனோம். அவள் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கல்லு மாதிரி.

ஜூலை 31, திங்கள்

சொல்லிவிட்டேன். மத்தியானம், அவள் அந்தக் கவுனை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது. மெழுகுவர்த்திதான் வாயைத் திறக்க வைத்தது என்று நினைக்கிறேன். ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. உடை மாற்றும் அறை, பதினாலாவது இடம், ரெஜிஸ் சொன்னது, எல்லாம்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “எழுபத்தொன்னுலயுமா?” என்றாள்.

“ஆமா.”

“நான் அழுதேனே.”

“ஆமா.”

“என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தியே ஹெர்வே.”

அவ்வளவுதான். கவுனின் மறு பக்கத்தைத் திருப்பிப் போட்டு இஸ்திரியைத் தொடர்ந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாளை வருவாளா என்று கேட்க வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளைக்கு நானே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

மரிவோன் வந்திருந்தாள். நீலக் கவுன். தேவாலயத் திருப்பத்தில் கம்பியோரம் நின்றாள், கை தட்டவில்லை.

புறப்படுவதற்கு முன் சொலான்ஜ் மெரியெலிடம் என்னைக் கூட்டிப்போனார்கள். படத்தில் பார்ப்பதைவிடச் சின்ன உருவம், செருப்பு கடித்த காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதருகே வந்து, “நீங்கதான் ஜெயிக்கிறீங்களாமே. பதட்டமா இருக்கா?” என்றாள். அவளுக்கும் சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே தெரிந்த முடிவுக்கு எப்படி நடிப்பீர்கள் என்று கேட்டேன். “முன்னாலயே யோசிச்சு வச்சா முகம் பொய்யாயிடும். அந்த நிமிஷம் வரட்டும், உடம்பு பாத்துக்கும்.”

உடம்பு பார்த்துக்கொண்டது!

நாற்பது சுற்று. பேசியபடி கடைசி ஐந்து சுற்றில் நானும் ரெஜிஸும் மட்டும் முன்னால் வந்துவிட்டோம். ஜனம் என் பெயரைக் கத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கத்தலில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கால் அவ்வளவு லேசாக இருந்தது. கடைசிச் சுற்று, தேவாலயத்துக்கு நூறு மீட்டர் முன்னால், எனக்குப் பின்னாலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம்.

பிரேக் பிடித்தேன். இறங்கினேன். முன்சக்கரத்தைக் கழற்றி நீட்டினேன். ரெஜிஸ் வாங்கினான், மாட்டினான், நான் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன், அவன் பறந்தான். பதினைந்து விநாடிகூட ஆகியிருக்காது. கையில் அவனுடைய செத்த சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, என்ன செய்துவிட்டேன் என்று.

அவனுக்கும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. பழக்கத்தில் கையைக்கூடத் தூக்கிவிட்டான். பேண்டும் ஊதிவிட்டார்கள். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்த என்னிடம் பூங்கொத்தோடு ஓடி வந்தான்: “எனக்கும் தோணலடா. நீ நீட்டினே, நான் வாங்கிட்டேன்.” முகம் வெளிறிப்போயிருந்தது. அவன் மேல் கோபமே வரவில்லை.

ஜனம் முதலில் சிரித்தது. பிறகு கை தட்டியது. எதற்கென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

மரிவோன் கம்பியோரத்திலிருந்து நகரவில்லை. பக்கத்தில் போனேன்.

“இதையும் ரூம்லயே பேசி வச்சீங்களா?”

“இல்ல. இது... பழக்கம். சத்தம் கேட்டா நின்னுடுவேன்.”

என்னையே பார்த்தாள். “ஒரு டயர்ல காத்து போன சத்தம் உனக்குக் கேக்குது. அப்பா செத்தன்னிக்கு நான் வந்துடுன்னேனே, அது கேக்கலையா?”

 

ஆகஸ்ட் 2, புதன்

பத்திரிகையில் படம். ரெஜிஸும் நடிகையும் பூங்கொத்தும். பின்னால் ஓரமாக, சக்கரத்தோடு நான். ‘கடைசிவரை விசுவாசம்’ என்று கீழே போட்டிருக்கிறான். மரிவோன் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

ஆகஸ்ட் 3, வியாழன்

கூல்வென் வந்து கத்திவிட்டுப் போனான். “கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலம்பாங்க. உனக்கு வாய்க்குள்ளயே வந்துச்சு, துப்பிட்டு நிக்கறே.” ஆப்பிள் சைடர் இரண்டு கோப்பை குடித்த பிறகு அவனே அழுதான். முட்டி உடைந்து பதினெட்டு வயதில் சைக்கிளை விட்டவன். நான் ஒரு தடவையாவது கை தூக்குவதைப் பார்க்க வேண்டுமென்று இருந்ததாம்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

மரிவோன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று கான்காலுக்குப் போய்விட்டாள். ஒரு பெட்டிதான். ஆனால் குளிர்காலக் கோட்டையும் எடுத்துப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். மரிவோன் படகுத்துறைக்குப் போயிருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

போன் செய்தேன். படகுத்துறை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ரெஜிஸ் கடிதம். அடுத்த வருடம் அணியின் காரை ஓட்டுகிற வேலை எனக்கு என்று மேனேஜரிடம் பேசி முடித்துவிட்டானாம். செப்டம்பர் மூன்றாம் தேதிப் பந்தயத்தில் மட்டும் நல்லபடியாக அவன் பக்கத்தில் இருந்துவிடச் சொல்கிறான். அது ரென் நகரத்துப் பக்கம் போகிற பந்தயம். நல்லவன்தான். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தெரியாதே.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். எதற்கு என்று எழுதவில்லை.

செப்டம்பர் 2, சனி

சைக்கிளைத் துடைத்து வைத்தேன். தூக்கம் வரும் போலில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு — கான்கால்

தொண்ணூறாவது கிலோமீட்டரில் உஸ் சத்தம். நின்றேன், கொடுத்தேன், தள்ளிவிட்டேன். கொடுக்காமலிருக்க எனக்குத் தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்ளவும் போவதில்லை. கார் வந்தது, மெக்கானிக் புதுச் சக்கரம் மாட்டினான், மேனேஜர் ஜன்னல் வழியாக விரட்டினார். மிதித்தேன். அடுத்த நாற்சந்தியில் எல்லோரும் நேராகப் போயிருந்தார்கள். இடது பக்கம் ‘கான்கால் 31’ என்று பலகை. திரும்பினேன்.

முதுகில் எண்ணோடு தனியாகப் போகிற என்னைப் பார்த்து, மக்காச்சோளக் கொல்லையிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். “தம்பி, அவங்கல்லாம் அந்தப் பக்கம்! நீ வழி மாறிட்டே!” கையசைத்தேன். ரொம்ப நேரம் கத்திக்கொண்டே இருந்தார்.

மரிவோன் துறையில், அக்காவின் கடையில் சிப்பி பிளந்துகொண்டிருந்தாள். என் எண்ணைப் பார்த்தாள், துறைமுகக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பந்தயம் முடிய இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே.”

“ஆமா.”

“ரெஜிஸ்?”

“தெரியல.”

ஒரு டஜன் பிளந்து, வாங்க வந்தவர்களுக்குக் கொடுத்து அனுப்பினாள். நாலு வருடம் பிந்தி வந்திருக்கிறேன், நிற்கச் சொன்னால் நிற்கலாம் என்று நின்றேன். பிறகு அவள் உள்ளே போய், தன் அப்பாவின் ரப்பர் பூட்ஸை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். கடல் தண்ணீர் ஏறுவதற்குள் சிப்பிக் கூடைகளைத் தூக்க வேண்டுமாம், ஆள் போதவில்லையாம்.

ஒரு சைஸ் சின்னது. போட்டுக்கொண்டேன்.