கிளாவரைக்கு ஒரு வடிகட்டி

நவம்பர் 11, செவ்வாய். பெருமாள்மலை

காலையிலிருந்து மூடுபனி. எதிர்க் கடை விளக்குகூடத் தெரியவில்லை. துணி காயவில்லை. பால் திரிந்துவிட்டது.

ஜெனியோடு பேச முயன்றேன். தங்கை, கிளாவரை துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். அங்கே செல்போன் எடுக்காது. தன்னார்வக் குழு ஒன்று மலைமேல் கம்பம் நட்டு வயர்லெஸ் இணைப்பு கொடுத்திருக்கிறது. டாக்டரைக் கேட்க அது ஒன்றுதான் வழி. பக்கத்து முகட்டில் புதுக் கோபுரம் வந்ததிலிருந்து அதன் அலை இதற்குள் கசிகிறது.

"அக்கா, நீ சொல்றது... கேக்கல... சாப்ட்டியா?" அவ்வளவுதான்.

தேவை: ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு வடிகட்டி. எங்கள் அலைவரிசை மட்டும் உள்ளே. ஒட்டி நிற்கும் அவர்களுடையது வெளியே. விற்பனைக்குக் கிடைப்பது செங்கல் அளவு. கம்பத்துப் பெட்டியில் மீதி இடம் தீப்பெட்டி அளவு. கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் எடுப்பவள் என்று குழுவினர் என்னைக் கேட்டார்கள், செய்து தருகிறேன் என்றேன்.

நவ. 13, வியாழன்

வடிகட்டியின் முதல் சர்க்யூட் பலகை, செய்யக் கொடுத்த கம்பெனியிலிருந்து வந்தது. வகுப்பு முடிந்ததும் கல்லூரி லேபில் அளந்தேன். கம்ப்யூட்டரில் சரி. கையில் தவறு. அலைவரிசை கீழே தள்ளி நிற்கிறது. ஓரங்களோ சாய்வாக இறங்குகின்றன, வேண்டியது செங்குத்து. இதை மாட்டினாலும் கோபுரத்து அலை உள்ளே வரும்.

மறுபடி வரைய வேண்டும். பலகையிலுள்ள நான்கு செப்புக் கோடுகளையும் வளையமாக மடித்து, சதுரமாக அடுக்கினால் இடம் மிச்சம். முதலாவதும் நான்காவதும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அவற்றுக்குள் சிறிது நேரடித் தொடர்பு விட்டால் அலைவரிசையின் இரு ஓரத்திலும் ஒரு பள்ளம் விழும். கோபுரத்து அலை அந்தப் பள்ளத்தில் விழுந்து அடங்கிவிடும்.

பஸ்ஸில் தலைவலி. யாரோ வாந்தி.

நவ. 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அடைமழை.

குழுவின் டெக்னீஷியன் சவரிமுத்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், நேத்து கிளாவரைல ஒரு பொம்பளைக்கு வெள்ளனே வலி வந்துருச்சு. புள்ள குறுக்க கெடந்திருக்கு. உங்க தங்கச்சி டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கையிலயே லைன் போச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வழில மரம் விழுந்து கெடக்கு. தாய் பொழச்சுக்கிச்சு. புள்ள தங்கலங்க."

"ஜெனி?"

"கைய கழுவிக்கிட்டே இருந்துச்சாம்."

மாலையில் லைன் கிடைத்தது. "நல்லாத்தான் இருக்கேன்க்கா... கேக்கல... வச்சிர்றேன்." இரைச்சலா, அவள் சொன்ன சாக்கா, தெரியவில்லை.

முதல் பலகை சரியாக இருந்திருந்தால்? எழுதாமல் இருப்பது நல்லது. எழுதிவிட்டேன்.

நவ. 19, புதன்

இரண்டாவது பலகையை அளந்தேன். இரு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது. ஓரம் நன்றாகச் செங்குத்து. ஆனால் கூர்மை கூடியதில் எங்கள் அலையும் தேய்கிறது. கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வளையங்களை ஒரு மயிரிழை நெருக்கி, கம்பெனிக்கு மறுபடி அனுப்பினேன். அவசரம் என்று எழுதினேன். ஏன் என்று எழுதவில்லை.

சக ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "அருமை மேடம், பேப்பர் போட்ரலாம்." தலையை ஆட்டினேன். அழுகை வந்தது, கைகழுவப் போனேன்.

நவ. 26, புதன்

மூன்றாவது பலகை சரியாக வந்திருக்கிறது. விடுப்பு. சவரிமுத்துவோடு ஜீப்பில் மலைமேல். சாரல், காற்று. அவர் கம்பத்தில், நான் கீழே லேப்டாப்புக்குக் குடை பிடித்தபடி.

"வெரசா சொல்லுங்க டீச்சர், கை வெறச்சுப் போச்சு."

வடிகட்டி பெட்டிக்குள் அடங்கியது. மூடியைப் போட்டதும் அலைவரிசை சற்று நகர்ந்தது. மூடியிலிருந்த திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தோம். திரையில் கோபுரத்து அலை காணாமல் போனது. சவரிமுத்து இறங்கி, பீடி பற்றவைத்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். வரவில்லை.

ஜெனியை அழைத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குதுக்கா."

பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. தகரக் கூரையில் மழை விழுவதுகூடக் கேட்டது.

"எப்டி இருக்க?"

"நல்லாத்தான்..." நிறுத்திவிட்டாள். கேக்கல என்று இனி சொல்ல முடியாது.

பிறகு: "அந்தப் புள்ளைக்கு முன்னமே பேரு வச்சிருந்தாங்கக்கா."

அழுதாள். ஒரு விம்மல்கூட விட்டுப்போகவில்லை. அத்தனையும் கேட்டது.