கடலைச் சாகுபடிக்குப் பின்னால்

3 ஆகஸ்ட் 1981, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகக் கோந்து காய்ச்சினேன். மைதா, தண்ணீர், ஒரு சிட்டிகை மயில்துத்தம். பூச்சி அண்டாது. இவர் எட்டிப் பார்த்து, "இன்னைக்குக் கூழா?" என்றார். புத்தகங்களுக்கு என்றேன். "குடுத்து வெச்சதுங்க" என்று பல் தேய்க்கப் போனார்.

ஆடிக் காற்று. பஸ் ஜன்னலில் மலை கூடவே வந்தது. திருவண்ணாமலையில் அகலம். கீழ்பென்னாத்தூரில் இறங்கும்போது ஒல்லி, நீலம். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். எது அசல் உருவம் என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நூலகப் பட்டியல் வேலை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை, முதுகில் எண் சீட்டு, எண்ணுக்குரிய அலமாரி. அடுத்த திங்கள் ஆய்வாளர் வருகிறார். வரிசை பிசகாமல் இருந்தால் எனக்கு டவுன் நூலகத்துக்கு மாற்றல் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

அடுக்குவது இன்றோடு முடிந்தது. இடம் மாறிக் கிடந்தவை பதினேழு. உதாரணத்துக்கு:
– துப்பறியும் கதை, இலக்கணத்துக்கு அடியில்.
– கோலப் புத்தகம், சட்டங்களுக்கு நடுவில்.
– பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவரின் பயணக் கதை, 'நிலக்கடலைச் சாகுபடி'க்குப் பின்னால், முதுகு தெரியாமல்.
எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். என்ன ஒரு நிம்மதி.

4 ஆகஸ்ட், செவ்வாய்

மூன்று மணி. பக்கத்து மாவு மில் ஓடினால் எங்கள் தரையும் லேசாக அதிரும். தூக்கம் வருவது போன்ற அதிர்வு. மில்லிலிருந்து ஒரு பெண் வந்தாள், புருவமெல்லாம் மாவு. நேராக விவசாய அலமாரி. புத்தகங்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். வெறுங்கை.

"என்னம்மா வேணும்?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சரம்மா." போய்விட்டாள்.

உதவியாளர் தனகோட்டி சிரித்தார். என்னைவிட மூத்தவர், இங்கே இருபது வருஷம்.

"அது முனியம்மா. அது படிக்கிற பொஸ்தகத்ததான் நீங்க தூக்கிட்டீங்களே."

"அவங்க உறுப்பினரே இல்லையே?"

"அதாம்மா. மாவு அரையற வரைக்கும் இங்க குந்திகினு படிக்கும். வூட்டுக்கு எடுத்துகினு போனா மாமியா அடுப்புல வெச்சுடும். அலமாரியில வெச்சா வேற யாராச்சும் எடுத்துகினு பூடுவாங்க. ஒளிச்சு வெச்சாத்தான் மறுநாளைக்கு இருக்கும். அந்தப் பதினேழும் அப்படித்தான், ஆளுக்கு ஒண்ணு."

"எட்டு வருஷமா எனக்குத் தெரியாதே."

"தெரிஞ்சா ஒழுங்கு பண்ணிடுவீங்களேம்மா!"

5 ஆகஸ்ட், புதன்

விடியற்காலைக் கனவு. அலமாரிகள் கடலைக் கொல்லை போல் காற்றில் அசைகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கை.

பஸ்ஸில் முழுக்க அதே நினைப்பு. என் வரிசைக்கு அடியில் இன்னொரு வரிசை இருந்திருக்கிறது. அதற்கு எண் கிடையாது, அட்டை கிடையாது. ஆனாலும் யாருக்கும் தன் இடம் தப்பியதில்லை, நான் கை வைக்கும் வரை.

முனியம்மா மறுபடி வந்தாள். பயணக் கதையை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஆத்தங்கரைல நிக்கறாங்க டீச்சரம்மா. அவன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல். தோணிக்காரன் வரல. நேத்திலேர்ந்து எனக்குக் கஞ்சி எறங்கல."

"தாண்டாமயா பொஸ்தகம் எழுதினான்?" என்றார் தனகோட்டி.

"அவன் தாண்டினான், சரி. அவ தாண்டினாளா?"

எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"ஐயோ, சொல்லாதீங்க! சொன்னீங்கன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்!"

மில்காரர் கூப்பிடும்வரை பதினொரு பக்கம். எழுந்தவள் புத்தகத்தோடு நின்றாள். அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒன்றுமில்லை, புழுதி, ஓர் ஆடு. திரும்பியபோது அவள் கையில் புத்தகம் இல்லை. எங்கே என்று தேடவில்லை.

6 ஆகஸ்ட், வியாழன்

தூறல். துழாவிவிட்டுப் போனவர்கள் இன்று மூன்று பேர். ஒரு பெரியவர், இரண்டு பெண்கள். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒளித்தது தெரிந்துவிடும்.

தலைவலி. தைலம் வாங்க மறந்தேன்.

7 ஆகஸ்ட், வெள்ளி

வார விடுமுறை. நாளை இரண்டாம் சனி, நாளையும் விடுமுறை. எண்ணெய் தேய்த்துக் குளியல். மலை மேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது, எழுந்திருக்க மனமில்லாமல். நானும் அப்படியே வெகுநேரம்.

இவர் டவுன் நூலகம் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். "பன்னெண்டே நிமிஷம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடா சாப்பிட்டுப் போலாம்." முகத்தில் அத்தனை சந்தோஷம். ஆமாம் என்றேன்.

எங்கெங்கிருந்து எடுத்தேன் என்ற குறிப்பு என்னிடம் இருக்கிறது. ஞாயிறு தனகோட்டிக்கு முன்னாலேயே போய், பதினாறையும் எடுத்த இடத்திலேயே திரும்ப ஒளித்துவைக்கப் போகிறேன். திங்கள் ஆய்வாளர் கேட்டால், பிசகு என்னுடையது என்பேன். பதினேழாவது எங்கே என்று எனக்கே தெரியாது.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.