முட்டிக்கடியில் ஒரு துண்டு

இன்று காலை கொடியிலிருந்து துண்டை எடுத்து உதறியவள், யோசிக்காமலே அதைச் சுருட்டிவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. உடனே உன் குரல் கேட்டது.

மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் என்னைக் காலை நீட்டி உட்காரவைத்து, முட்டிக்கடியில் துண்டைச் சொருகுவாய். "அமுக்குடி, துண்டு நசுங்கணும்!" பத்து எண்ணும்வரை தொடையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பத்து வேறு, உன் பத்து வேறு. "ஏழு... இன்னா மூஞ்சி அது? ஏழேகால்... ஏழரை..." பாவி, சிரித்துப் பிடியை விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாய். பள்ளிக்கூடம் விட்டதும் நோட்டுக்கட்டோடு நேரே என் வீடுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்துவிடுவாய். ஆறு மாதம்!

ஆண்டு விழாவுக்காக டீச்சர்களுக்குள் நடந்த த்ரோபால் ஆட்டம் அது. ஒரே பந்துக்கு இருவரும் எம்பினோம். நான் விழுந்தேன், என் மேல் நீ விழுந்தாய். முட்டி ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியிலேயே சரிசெய்யலாம் என்றார் டாக்டர். "நான்தான்டி உன் கால ஒடச்சிட்டேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதாய்.

நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். நீ மேலே விழுவதற்கு முன்பே, கால் ஊன்றித் திரும்பியபோதே, முட்டிக்குள் 'டப்'பென்று கேட்டது. முதல் நாள் வலியில் சொல்லவில்லை. அப்புறம் நீ தினமும் வர ஆரம்பித்தாய். தனியாக இருந்தவளுக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? உண்மையைச் சொன்னால் வராமல் போய்விடுவாயோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

கைப்பிடியைத் தொடாமல் நான் மொட்டைமாடி ஏறிய அன்று, "அப்பாடா, இனிமேதான்டி எனக்குத் தூக்கம்" என்று கட்டிக்கொண்டாய். அன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு உன்னை ஆடக் கூப்பிட்டார்கள். நம் பள்ளியில் உன்னைப் போல் பந்து பிடிக்க வேறு ஆள் ஏது? "வேணாம்பா, யாரையாவது இடிச்சிருவேன்" என்று ஒதுங்கினாய். அதற்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை. வருடா வருடம் ஓரமாய் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினாய். பக்கத்தில் உட்கார்ந்து நான் முறுக்கு தின்றேன், வெட்கங்கெட்டவள்.

கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் உங்க கால் வலிக்குதான்னு அம்மா கேட்டுக்கினே இருந்தாங்க ஆன்ட்டி." அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பிவிட்டேன்.

வலிக்கவில்லைடி. நீ இடிக்கவே இல்லை. நானாகத்தான் விழுந்தேன். உன்னை ஆடவிடாமல் செய்ததும் நான்தான்.