மருந்து அடிப்பவருக்கு என்ன அளவு?

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணங்கி எழுதுவது. நான் நலம். நீங்கள் சுகமா? அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். வெளிநாட்டிலிருந்து வரும் மிளகாயில் பூச்சிமருந்து எவ்வளவு வரை இருக்கலாம் என்று அளவு குறிக்கும் கூட்டம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் மிளகாய் சாப்பிடுவார் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். அம்மா வைக்கும் குழம்பைக் கண்டிருந்தால் நாற்காலியோடு சாய்ந்திருப்பார்கள்!

அந்த மருந்தைப் பல வருடம் அடித்தவர்களுக்குக் கை நடுங்கும் என்று அங்கே கொடுத்த அறிக்கையில் இருந்தது. நம் மிளகாய்த் தோட்டத்தில் நீங்கள் அடிப்பதும் அதே மருந்துதான், அப்பா. நான் வந்திருந்தபோது அம்மாதான் உங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். வயசாகிவிட்டது என்று சிரித்தீர்கள்.

"மருந்து அடிக்கிறவங்களுக்கு என்ன அளவு சார்?" என்று கேட்டேன்.

"அது நம்ம வேலை இல்லம்மா. சாப்பிடுறவங்களுக்கு மட்டும்தான் நாம பாக்கணும்" என்றார் தலைவர்.

யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பயப்பட வேண்டாம். ஆனால் இனி அதைத் தொடாதீர்கள். மிளகாய் போனால் போகட்டும். நரம்பு டாக்டரிடம் போய், அந்தப் பூச்சிமருந்து டப்பாவையும் காட்டுங்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், அவசரமாக முடிக்கிறேன். இங்கே பேச்சுத்துணைக்கு ஆளில்லாததால் உங்கள் கடிதங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கடைசியாக வந்த மூன்றும் அம்மாவின் எழுத்தில் இருக்கின்றன. அடுத்ததை நீங்களே எழுதுங்கள், அப்பா. எழுத்து எப்படிக் கோணினாலும் நான் படித்துக்கொள்வேன்.

உங்கள் மகள்