காணவில்லை, வயது 17

18 டிச., வியாழன்

பனி. எட்டு மணிக்கும் எதிர்க்கடை போர்டு தெரியல. பிரிண்டர்ல மறுபடியும் பேப்பர் சிக்குது. தலைவலி.

கடையத் திறந்ததும் செல்வி அக்கா. முதுநகர்லேருந்து பஸ் புடிச்சி வந்திருந்தாங்க. இன்னிக்கி மீன் விக்கப் போவல, தலைக்குக் குளிச்சி, சலவைப் புடவை. வருஷா வருஷம் சிதம்பரம் மார்கழித் தேருக்கு முன்னால வருவாங்க. பதினோரு வருஷமா நான்தான் நோட்டீஸ் அடிச்சிக் குடுக்கிறேன். ஃபைல் பேரு 'கௌசி'. காணாமப்போன அவுங்க பொண்ணு. மாத்துறது ஒரே ஒரு இடம், வயசு. மொத நோட்டீஸ்ல 6ன்னு போட்டது.

வந்ததும் எப்பவும் கேக்குற கேள்வி: "உன் பொண்ணு இப்ப எத்தனாவது?"

என் நிவியும் கௌசியும் ஒரே வயசு. நான் சொல்றத வெச்சித்தான் தன் பொண்ணு எத்தனாவது படிப்பான்னு மனசுல வெச்சிக்குவாங்க.

"காலேஜ் சேந்துட்டாக்கா. சிதம்பரத்துல. ஹாஸ்டல்."

"காலேஜா!"ன்னு சிரிச்சாங்க. சிரிச்சிட்டு முந்தானையால வாய மூடிக்கிட்டாங்க.

நான் சும்மா இருந்திருக்கணும். க்ரைம் வீடியோ பாத்துப் பாத்து வாய் நீளம். வெளிநாட்ல காணாமப்போன புள்ளைங்க போட்டோவ கம்ப்யூட்டர்ல வயசாக்கி ஒட்டுவாங்க, அதுல ஒண்ணு ரெண்டு கெடச்சிருக்குதுன்னு சொல்லிட்டேன். "ஆறு வயசு போட்டோவ வெச்சி பதினேழு வயசுப் பொண்ண யாருக்கா கண்டுபுடிப்பாங்க?"

இத்தினி வருஷம் ஏன் சொல்லலன்னு அவுங்க கேக்கல. கேட்டிருந்தா தேவலை.

19 டிச., வெள்ளி

கௌசிய வயசாக்க மூணு ஆப் போட்டுப் பாத்தாச்சி. கௌசி போட்டோ தபால்தலை சைஸ், வாய்கிட்ட கறை. ஒரு ஆப்ல வந்தது யாரோ சினிமாக்காரி. இன்னொண்ணுல மூக்குத்தி வேற.

வீட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, "இன்னா டிஎஸ்பி மேடம், கேஸ் எப்டிப் போவுது?" கடுப்பு. திரும்பிக்கூடப் பாக்கல.

கடைசில செஞ்சது: நெத்தி, புருவம், கண்ணு கௌசியோடது. இழுத்துப் பெருசாக்கினது. மூக்குலேருந்து கீழ நிவியோடது. அவ பிளஸ் டூ ஐடி கார்டு போட்டோ இதே கம்ப்யூட்டர்ல இருந்துச்சி. வாய், தாடை, கழுத்து, ரெட்டை ஜடை. ஒட்டுன கோடு தெரியாம தேச்சிட்டேன்.

நல்லா வந்திருக்குது. அதான் பயம்.

20 டிச., சனி

செல்வி அக்கா ஸ்க்ரீன்கிட்ட மூஞ்ச வெச்சிக்கிட்டுப் பாத்தாங்க. ரொம்ப நேரம். "இவதான்"னாங்க. அப்புறம் வெரலால வாயத் தடவி, "அப்டியே எங்க மாமியா வாய்!"

அது என் நிவி வாய்.

சொல்ல வந்தேன். டீ வந்துச்சி. ஒரு ஆதார் ஜெராக்ஸ் வந்துச்சி. சொல்லல. இருநூறு காப்பி. நாளைக்கே சிதம்பரத்துல ஒட்டப் போறாங்களாம்.

23 டிச., செவ்வாய்

மேகமூட்டம். அரிசி ஊறப்போட மறந்துட்டேன்.

நிவிக்கு அனுப்புன லிஸ்ட் (மூணாவது தடவ):
- போன் எப்பவும் ஆன்
- தனியா ஆட்டோ கூடாது. ஏறினா நம்பர போட்டோ எடு
- யாரு கூப்புட்டாலும், "உங்கம்மாவுக்கு ஆக்சிடென்ட்"ன்னு சொன்னாலும், மொதல்ல எனக்குப் போன்
- நான் கூப்புட்டா ஒடனே எடு

பதில்: "அம்மா ப்ளீஸ். பரீட்சை."

ஏன் இந்த வீடியோவெல்லாம் பாக்குறேன்? கார்டு வெட்டும்போது, வெங்காயம் உரிக்கும்போது, காதுல ஒருத்தன் எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கணும். எல்லாத்துலயும் ஒரு அம்மா. ரெண்டு நிமிஷம் கண்ண எடுத்தவ. கீழ கமென்ட்ல அவளக் கிழிச்சித் தொங்கவிட்டிருப்பாங்க. 'பெத்தவ ஒழுங்கா இருந்தா புள்ள ஏன் போவுது.' நான் எழுதினதில்ல. ஆனா படிக்கிறப்ப உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. அவ விட்டுட்டா, நான் விட மாட்டேன். இதுக்குத்தான் பாக்குறேன் போல. கேவலம்.

செல்வி அக்கா எப்டி விட்டாங்க? ஒரே ஒரு தடவ சொன்னாங்க. கீழவீதி, கூட்டம், தேரு திரும்புது. "சாமி நேரா வந்துச்சி. ரெண்டு கையும் தூக்கிக் கும்புட்டுட்டேன்." அவ்ளோதான். கைய எறக்கினப்ப புள்ள இல்ல. ஸ்டேஷன்ல இன்னும் ஃபைல் இருக்குதாம். அன்னிலேருந்து எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒத்தக் கைய நெஞ்சுல வெச்சிக்கிறதோட சரி.

26 டிச., வெள்ளி

எழுத்து கோணலா வருது.

மத்தியானம் செல்வி அக்கா ஓடி வந்தாங்க, செருப்புகூட இல்ல. "கெடச்சிட்டாம்மா!" கீழவீதிப் பூக்கடைக்காரர் போன் பண்ணாராம். நோட்டீஸ்ல இருக்கிற பொண்ணு தெனம் சாயங்காலம் அந்தப் பக்கம் போவுதாம், ஹாஸ்டல் பொண்ணுங்களோட. பச்சைப் பையாம்.

பச்சைப் பை தீபாவளிக்கு நான் வாங்கிக் குடுத்தது.

"சுடிதார் எடுக்கலாம்னு பாக்குறேன். சைஸ் தெரியல. உன் பொண்ணுக்கு இன்னா சைஸ்?"

சொன்னேன். பாவி, சைஸையும் சொன்னேன். நாளைக்கி நானும் வரேன், தனியாப் போவாதீங்கன்னு அனுப்பினேன்.

அவுங்க போனதும் நிவி போன். "அம்மா, இங்க செவுத்துல என்னை மாதிரியே ஒரு பொண்ணு நோட்டீஸ். காணவில்லைன்னு. எல்லாம் என்னைக் கௌசின்னு கூப்புட்டு ஓட்டுறாளுங்க." சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சி. "ஒரு ஆளு பின்னாலயே வந்து போட்டோ எடுத்தாரும்மா. கேட்டதுக்கு, உங்கம்மா உன்னத் தேடுறாங்க, வா கூட்டிட்டுப் போறேங்கிறாரு."

நல்லவனா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வெளிய வராதன்னு கத்தினேன். லிஸ்ட் போட்டவ நான். என் பொண்ணு மூஞ்சிய ஊரு பூரா ஒட்டச் சொன்னவளும் நான்தான்.

27 டிச., சனி

சொல்லிட்டேன்.

செல்வி அக்கா துணிக்கடைப் பையோட வந்தாங்க. ஸ்டூல்ல உக்கார வெச்சி ஃபைலத் திறந்து, நிவி பாகத்த மட்டும் மறைச்சேன். கண்ணும் நெத்தியும் நின்னுச்சி. கீழ வெள்ளை.

"இது கௌசி. மிச்சம் என் பொண்ணுக்கா. பூக்கடைக்காரர் பாத்தது நிவிய."

அறைவாங்கன்னு நெனச்சேன். அறைஞ்சிருக்கலாம்.

"பதினோரு வருஷமா உன் பொண்ண வெச்சித்தான் என் பொண்ண வளத்தேன்"னாங்க. "மூஞ்சியையும் நீயே குடுத்த. இப்ப நீயே புடுங்கிக்கிற."

எழுந்து போயிட்டாங்க. பை ஸ்டூல் மேலயே கெடக்குது. தொறந்து பாக்கல.

28 டிச., ஞாயிறு

மொத பஸ். சிதம்பரம் இறங்கினப்ப ஏழு. பையில தண்ணி பாட்டில், தகடு, மார்க்கர். ஒட்டுன நோட்டீஸ் எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடணும், அப்புறந்தான் நிவி வெளிய வரணும்.

கீழவீதில தேருக்குப் பந்தல் கட்டுறாங்க. ஒரு நோட்டீஸ் முன்னால செல்வி அக்கா நின்னுக்கிட்டிருந்தாங்க. எனக்கு முன்னாலயே வந்துட்டாங்க.

என் கையில தகட்டப் பாத்தாங்க. "கிழி. உன் பொண்ணுது, உனக்குப் பயம் இருக்கும். கண்ண மட்டும் விட்டுடு."

மேல் பாதிய உள்ளங்கையால மூடிப் புடிச்சிக்கிட்டாங்க. நான் மூக்குலேருந்து கீழ சுரண்டினேன். வாய் போச்சி, ஜடை போச்சி. கடைசி வரியில போன் நம்பர், அதுவும் போச்சி.

"நம்பர எழுது."

மார்க்கர எடுத்தேன். செவுத்துலயே எழுதினேன். அவுங்க தட்டுத் தடுமாறாம சொன்னாங்க. பதினோரு வருஷமா அதே சிம். புள்ள ஆறு வயசுல மனப்பாடம் பண்ண நம்பராம்.

கீழவீதி முடிச்சி தெற்கு வீதி. அவுங்க புடிக்க, நான் கிழிக்க, அவுங்க சொல்ல, நான் எழுத. முப்பதுக்கு மேல எண்ணல.

ஒரு மருந்துக்கடைச் செவுத்துகிட்ட போன் அடிச்சிச்சி. செல்வி அக்கா வெடுக்குனு இடுப்புலேருந்து தன் போன உருவினாங்க. பாத்தாங்க. அடிச்சது என்னுது. நிவி.

நான் எடுக்கல. அவுங்க முன்னால எப்டி எடுப்பேன்?

"பொண்ணு கூப்புடுதில்ல"ன்னாங்க, செவுத்தப் பாத்துக்கிட்டே. "எடுத்துப் பேசு."