பாடியைத் தூக்கின நாள்

என்னை ‘மாப்ள’ன்னு வாய் நிறையக் கூப்பிட்ட என் மச்சானுக்கு,

நீங்க போய் ஒன்பது வருசமாச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம தெருவுக்கும் எஸ்.டி.டி. பூத் வந்துட்டு. அக்கா ராஜபாளையத்து மில்லுக்கு வேலைக்குப் போயிட்டு வர்றா. உங்க மக செல்விக்குப் பதிமூணு வயசு. நீங்க போகும்போது நாலு. அவளுக்கு உங்க முகம் போட்டோவுல பார்த்ததுதான்.

போன வாரம் அவ கதவைத் தாழ் போடாமப் பள்ளிக்கூடம் போயிட்டா. நாய் புகுந்து சோத்துப் பானையை உருட்டிட்டு. அக்கா பிடிச்சா ஒரு பிடி: “அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கு. அந்த மனுசனும் கைபிரேக் போட மறந்துதான போய்ச் சேர்ந்தாரு!” பிள்ளை எங்கிட்ட வந்து, “மாமா, அப்பாவுக்கு அம்புட்டு மறதியா?”ன்னு கேட்டா. நான் சைக்கிளை எடுத்துக்கிட்டு வெளியே போயிட்டேன்.

அந்தப் பழைய பிக்கப் ஞாபகம் இருக்கா மச்சான்? கேக்கிறேன் பாருங்க கேள்வி. சேத்தூருக்கு மேக்கே மலையடிவாரத்துல நீங்க மாந்தோப்பு குத்தகைக்கு எடுத்த வருசம். ஓடைப் பாறையில வண்டி அடி தட்டுதுன்னு பெரிய டயர் மாட்டுனோம். அது மட்கார்டுல உரசுச்சு. “அடிச்சட்டம் சேஸ் அப்படியே இருக்கட்டும், பாடியை மட்டும் மூணு இஞ்சு தூக்கிட்டா டயர் சுத்தும்லே”ன்னீங்க. ஒர்க்‌ஷாப் எதுக்கு, மில்லு பிட்டர் நான் இருக்கேன்னு மார் தட்டினவன் நான்தான்.

வீட்டுக் கொல்லையில ரெண்டு நாள் சோலி. துருப்பிடிச்ச போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊத்திக் கழட்டி, ஜாக்கி வச்சு ஏத்தி, பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல வாகைக் கட்டையை அறுத்துக் கொடுத்து, நீளப் போல்ட் போட்டு முறுக்குனோம். “பாடியத் தூக்குலே!” “தூக்கிட்டேன் மச்சான், பாடி என்னமாக் கனக்குது!” ரெண்டு நாளும் இதே கூத்துதான். அக்கா கரண்டியோட வந்து, “வெள்ளிக்கிழமை அதுவுமா என்ன பேச்சு இது? வாயக் கழுவுங்க ரெண்டு பேரும்”னு சத்தம் போட்டா. நீங்க நிசமாவே செம்புத் தண்ணியை வாங்கிக் கொப்புளிச்சீங்க. பொறவும் அதையே சொல்லிச் சிரிச்சீங்க.

பாடி ஏறிட்டு. கைபிரேக் வயரு நீளுமா? லீவர் பாடியோட மேல வந்துட்டு, வயரு மூணு இஞ்சு பத்தலை. மதுரையில நீள வயரு வாங்கணும்னு சொல்லியிருக்கணும். நான் கட்டுக்கம்பியை மூணு புரியா முறுக்கி ஒட்டுப் போட்டுட்டு, உங்ககிட்ட மூச்சு விடலை. “கைபிரேக் எப்படிலே மாப்ள?” “கல்லு மாதிரி நிக்கும் மச்சான்.” அதோட விட்டேனா? சரிவுல நிறுத்தும்போது சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க வண்டியிலேயே ஒரு கல்லு வச்சிருப்பீங்க. “இனி எதுக்கு இந்தப் பாரம்”னு அதையும் தூக்கிக் கொல்லையில எறிஞ்சேன். நீங்க என் பேச்சை அப்படியே நம்புனீங்க.

ரெண்டு வாரம்கூட ஆகலை. தோப்புச் சரிவுல வண்டி நிறைய மாங்காய். அணைச்சா அந்தச் சனியன் திரும்பக் கிளம்பாதுன்னு எஞ்சினை ஓடவிட்டே இறங்கி, பின்பலகையை மாட்டப் போனீங்க. நான் கூடையை எண்ணிக்கிட்டு நின்னேன். சத்தம் கேட்டுத் திரும்பினா, வண்டிக்கும் புளிய மரத்துக்கும் நடுவுல நீங்க.

வண்டியை முன்னாடி நகத்த ஓடி ஏறுனது நான்தான். லீவர் நிமிர்ந்து நின்னுச்சு மச்சான். முழுசா இழுத்து வச்சிருந்தீங்க. அதை இறக்கினாத்தான் வண்டி நகரும்னு நெனச்சு இறக்கினேன். அதுல தப்பில்லை. உங்களைத் தரையில கெடத்தித் தண்ணி தெளிச்சிக்கிட்டிருந்தப்ப, புரி பிரிஞ்சு தொங்கின கம்பியை உருவிச் சட்டைப்பையில போட்டேன். பொறவு போலீஸ்காரர் கேட்டாரு, “கைபிரேக் போட்டிருந்துதா?”

“இல்லை சார். லீவர் கீழதான் கெடந்துச்சு.”

மறுநாள் ஆஸ்பத்திரி வாசல்ல ஒருத்தன், “நேரமாச்சு, பாடியத் தூக்குங்கப்பா”ன்னான். அக்கா என் முகத்தைப் பார்த்தா. நான் குனிஞ்சு உங்க கால் பக்கம் பிடிச்சேன். எம்புட்டுக் கனம் மச்சான்!

ஏன் பொய் சொன்னேன்? பயம்தான். அக்கா முகத்துல எப்படி முழிக்கிறதுங்கிற பயம். இப்ப ஒன்பது வருசமா தினம் முழிக்கிறேன். உங்களைத் திட்டிக்கிட்டே, “இவன் இல்லைன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்”னு முதல் சோத்தை எனக்குத்தான் போடுறா. அது எனக்கு எப்படி மச்சான் இறங்கும்?

பத்திரிகைக்கு அனுப்புற இந்தக் கடுதாசி அச்சுல வர்றதுக்கு முன்னாடி, வர்ற ஞாயித்துக்கிழமை அக்காவையும் செல்வியையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுவேன். கம்பி என் டிரங்குப் பெட்டியில இருக்கு. அதையும் முன்னாடி வைப்பேன். அக்கா அடிச்சாலும் சரி, இனி இந்த வாசப்படி மிதிக்காதன்னாலும் சரி. “உங்கப்பா எதையும் மறக்கலை தாயி. கைபிரேக் போட்டிருந்தாவ”ன்னு என் வாயால சொல்லுவேன். இது உங்க மேல சத்தியம்.

இப்படிக்கு,
நீங்க நம்புன உங்க மாப்ள,
கணேசன்