நீல பாட்டில்

பதிவு 1. சனி, காலை 9.10
எட்டாவது மாடி, ஆறாம் எண் வீடு. எழுதுபவர் நிறைமதி, ஒன்பதாம் வகுப்பு, மாணவர் காற்றுப் பதிவாளர். காற்றளவு பச்சை. அரசின் வீட்டு நச்சு ஒழிப்புத் திட்டத்தில், கழுவும் மருந்து இருந்த பழைய பாட்டில்களை எல்லாம் சுவரில் இருக்கும் பெட்டி வழியாக ஒப்படைத்துவிட்டோம். பதிலுக்கு வந்தது நீல பாட்டில். உள்ளே பூந்திக்கொட்டைச் சாறு, மேலே ‘தீங்கற்றது’ என்ற சீட்டு. அம்மா ரேஷனுக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் குளியலறையைக் கழுவி வைக்கப்போகிறேன்.

பதிவு 2. 9.40
கழுவிவிட்டேன். நுரையே வரவில்லை. தொண்டை கமறுகிறது. காற்றளவு சிவப்பு. பக்கத்து வீடுகளுக்கு நச்சு பரவாமல் இருக்க, விதிப்படி கதவும் வடிகாலும் பூட்டிக்கொண்டன. எங்கள் கட்டடத்தில் ஜன்னல்கள் திறப்பதற்கல்ல. கட்டுப்பாட்டு அறை பேசியது: “பயப்படாத பாப்பா. எது நச்சோ அதைச் சுவத்துப் பெட்டில போடு. சரியானதப் பெட்டி எடுத்துக்கிட்டாதான் கதவு தானா தொறக்கும். அதுவரைக்கும் நீல பாட்டில ஊத்தித் தொடச்சிக்கிட்டே இரு.”

பதிவு 3. 10.05
அந்துருண்டை, கொசுவத்தி, அம்மாவின் நகப்பூச்சு. பெட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கதவு அசையவில்லை. தரையைத் துடைக்கத் துடைக்க அளவு ஏறுகிறது. காரணம் தெரியவில்லை. கண் எரிகிறது.

பதிவு 4. 10.20
அம்மா வாசலில் நிற்கிறாள். ஒலிபெருக்கியில் அவள் குரல்: “மதி, அதை ஊத்தாதடி. அது சர்க்கார் மருந்து இல்ல. சர்க்கார் மருந்துல கறையே போகல. பழைய ஆசிட்டக் கொட்ட மனசு வராம அந்த பாட்டில்லயே ஊத்தி வெச்சேன். சார், கதவத் தொறங்க சார்.”
கட்டுப்பாட்டு அறை: “என் கையில ஒண்ணுமில்லம்மா. பெட்டி ஏத்துக்கணும்.”

பதிவு 5. 10.26
நீல பாட்டிலைப் பெட்டியில் வைத்தேன். பெட்டி சீட்டைப் படித்தது. “இது தீங்கற்ற அரசுப் பொருள். ஒப்படைக்கத் தேவையில்லை.” திருப்பித் தந்துவிட்டது.

பதிவு 6. 10.34
சீட்டைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். “பெயரில்லாத பொருள். சீட்டு எழுதி ஒட்டவும்.” நச்சு என்று சீட்டுள்ள பழைய பாட்டிலில் ஊற்றலாம் என்றால் வீட்டில் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் நான்தான் எண்ணிக் கொடுத்தேன். பள்ளியில் பாராட்டினார்கள்.

பதிவு 7.
மணி தெரியவில்லை, கண்ணில் நீர். இந்த நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதி ஒட்டினேன். கையெழுத்துப் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு. இன்று கை நடுங்குகிறது.
“எழுத்து தெளிவாக இல்லை. மீண்டும் எழுதவும்.”
அம்மா கதவை இடிக்கிறாள். “பெரிசா எழுதுடி. பெரிசா.”
பெரிதாக எழுதினேன்.
“எழுத்து தெளிவாக இல்லை.”

பதிவு
இன்னொரு தாள். விஷம்
விஷ
வி